நடுவிடம் யாருக்கு

அலுவலகத்தில் அவளுக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் அவள் சிண்டு. சின்ன வயதில் உச்சந்தலையில் துருத்திக்கொண்டு நின்ற முடிக்கற்றையால் வந்த பெயர் என்று அப்பா சொல்லுவார். அக்கா அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். பக்கத்து வீட்டு இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் ஏதோ ஓதி, ஒரு விடுமுறை முழுக்க இருவரையும் முகம் திருப்பிக்கொள்ள வைத்தவள் இவள். சிண்டு முடிகிற கைக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்பாள்.

வளர்ந்த பிறகும் சிண்டு அதே வேலையைத்தான் செய்தாள், சம்பளத்துக்கு. அரசாங்கத் திட்டங்கள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தாள். எது எதோடு பிணைந்திருக்கிறது, எதை இழுத்தால் எது அசையும் என்று கண்டுபிடிப்பது அவள் பிரிவு. அந்த வருடம் அவளிடம் வந்தது சாதாரணத் திட்டம் இல்லை. தேசிய சுகாதார வியூகம். தலையணைக்குப் பதில் வைத்துப் படுக்கலாம் போன்ற கனம். அதை எழுதியவர் சுகாதார அமைச்சகத்தின் திட்டப் பிரிவு இயக்குநர்.

அவர்தான் சிண்டுவின் அத்தான். அக்காவின் கணவர். போதாக்குறைக்கு, அவருடைய வீட்டு மாடியில்தான் சிண்டு குடியிருந்தாள்.

இது சரிப்படாது என்று அவள் நிறுவனத் தலைவரிடம் முதல் நாளே சொன்னாள். எழுத்திலும் கொடுத்தாள். அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது: மதிப்பெண் போடப்போவது வேறு மூவர், இவர் வரைபடம் மட்டும் தயாரித்தால் போதும், ஆட்சேபணை இல்லை. அந்தப் பதிலைத் தயாரித்த குமாஸ்தா வாசலில் பார்த்தபோது, சொந்தக்காரர் இல்லாத ஆளாகத் தேடினால் இந்த ஊரில் மதிப்பீடே நடக்காது என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து அத்தான் மாடிப்படி ஏறுவது அதிகமாயிற்று. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்க வந்தேன் என்பார். தொட்டியைப் பார்க்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தாயா என்பார். படித்தேன் என்றால் என்ன தோன்றியது என்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். எது நன்றாக இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. கீழேயிருந்து அக்கா, அவளைத் தூங்க விடுங்கள் என்று குரல் கொடுக்கும்வரை நகர மாட்டார். நல்ல மனிதர். தான் எழுதிய பக்கங்களைப் பெற்ற பிள்ளை போல நினைப்பவர். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் மைத்துனியே வாத்தியாராக வந்து சேர்ந்தால் எந்தத் தகப்பன்தான் சும்மா இருப்பான்?

வியூகத்தில் ஒரு வாக்குறுதி இருந்தது. எந்தச் சுகாதார நிலையத்திலும், எந்த நாளிலும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இல்லை என்ற பேச்சே இருக்காது. நான்கு வருடம் ஓடிவிட்டது. தலைநகரக் கிடங்கில் மாத்திரைப் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. சுகாதார நிலையங்களில் அலமாரியைத் திறந்தால் பஞ்சும் கட்டுத்துணியும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு பிரிவின் ஆண்டறிக்கையும் இலக்கை எட்டிவிட்டதாகச் சொல்லியது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, மொத்தத்தில் தோல்வி. இப்படி ஒரு மாணவனை எந்தப் பள்ளிக்கூடமும் பார்த்திருக்காது.

அதனால்தான் சிண்டு வரைபடம் என்றாள். அமைச்சகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க மென்பலகை அடித்திருந்தது. முன்பு விழாப் புகைப்படங்கள் குத்திவைத்த இடம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு மூலையில் ஒரு வாளி. கண்ணாடி போட்ட நீள மேஜை. வண்ண அட்டையை வட்ட வட்டமாக வெட்டி, குண்டூசி, நூல்கண்டுகளோடு மேஜை மேல் பரப்பினாள். வந்தவர்களிடம் விதியைச் சொன்னாள். உங்கள் பிரிவு செய்கிற ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு வட்டம். ஒன்று கூடினால் இன்னொன்றும் கூடும் என்றால் இரண்டுக்கும் நடுவே சிவப்பு நூல். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றால் நீலம். பிறகு நூலைப் பிடித்துக்கொண்டே போய், அது எங்கே சுற்றித் தன் வாலையே கடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

வந்தவர்கள் நால்வர். கொள்முதல் அதிகாரி, பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய பணிவும் உள்ளவர். கதவைத் திறந்தால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திறப்பார். செவிலியரையும் பிற ஊழியரையும் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் பணியாளர் பிரிவுத் தலைவி. மெல்லப் பேசத் தெரியாதவர். புள்ளிவிவர அதிகாரி, எண் இல்லாத வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நாலாவது அத்தான்.

முதல் அரைமணி நேரம் இது குழந்தைகள் விளையாட்டு என்று முகம் சுளித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கொள்முதல் அதிகாரி நாற்காலி மேல் ஏறிக் குண்டூசி குத்தினார். பணியாளர் பிரிவுத் தலைவி நூலைப் பல்லால் கடித்து வெட்டினார். சாயங்காலம் சுவரைப் பார்த்தால் நூல்களுக்குள் பூனை புகுந்து புரண்டதுபோல இருந்தது. சிண்டுவுக்கு அதில் பரம திருப்தி. முதல் நாள் எல்லா வரைபடமும் அப்படித்தான் இருக்கும்.

போகும்போது அத்தான் மட்டும் நின்று, எந்த வட்டம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று விசாரித்தார். ஒன்றும் கிடையாது, நூலுக்குத்தான் அர்த்தம் என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார். மற்ற மூவரும் கதவருகே நின்று அதைக் கேட்டார்கள். அவர்களும் தலையாட்டினார்கள்.

யாரும் நம்பவில்லை. யாருடைய நாற்காலி ஜன்னலோரம், யாருடையது கழிவறைக் கதவோரம் என்று பார்த்தே மனிதரை எடைபோடும் கட்டடம் அது. அங்கே போய் இடத்துக்கு அர்த்தமில்லை என்றால் எப்படி?

மறுநாள் காலை அவள் வந்தபோது, 'மொத்தக் கொள்முதல்' சுவரின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்திருந்தது. அதன் நூல்கள் எல்லாம் தோரணம் மாதிரி தொங்கின. அவள் பழைய இடத்தில் குத்தி, நூலை இழுத்துக் கட்டினாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் 'ஊழியர் நியமனம்' நடுவில். அதற்கடுத்த நாள் அது இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. யாரோ வீட்டிலிருந்து பெரிய அட்டையில் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். 'புள்ளிவிவரம்' வளரவில்லை, ஆனால் பொன்னிற விளிம்பு முளைத்திருந்தது. இவற்றையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு, மூன்று குண்டூசி போட்டு அழுத்தமாக, 'ஒதுக்கீட்டு விதி' என்ற வட்டம் நடுவில் குந்தியிருந்தது. அது அத்தானுடையது.

அந்த விதியின் மேல் அவருக்கிருந்த பாசம் வீட்டில் எல்லோரும் அறிந்தது. முன்பெல்லாம் சுகாதார நிலையங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மருந்து அனுப்புவார்கள். பாதி காலாவதியாகிக் குழிக்குப் போகும். ஒரு நிலையம் போன காலாண்டில் எவ்வளவு மருந்து கொடுத்ததோ அவ்வளவுதான் அடுத்த காலாண்டில் ஒதுக்க வேண்டும் என்று அத்தான் எழுதினார். வீணாவது நின்றது. அதற்காக அவருக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்; கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சிண்டு வட்டங்களைத் திருப்பி வைப்பதும், அவை நகர்வதுமாக ஒரு வாரம் போயிற்று. அறைச் சாவி மாடிப்படி அருகே ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேட்டால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொள்முதல் அதிகாரி, துப்புரவின்போது விழுந்திருக்கலாம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார். விழுந்த வட்டம் மேல்நோக்கி, சரியாக நடுவில் போய் விழுமா என்று அவள் கேட்கவில்லை. வேலை ஓடவில்லை. ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் நூல் ஒன்றோடொன்று சிக்கியது. செயலாளர், அதாவது அமைச்சகத்தின் தலைமை அதிகாரி, வெள்ளிக்கிழமை காலை வந்து சுவரைப் பார்ப்பதாக இருந்தது.

புதன்கிழமை மதியம் டீ அறையில் பணியாளர் பிரிவுத் தலைவி தனியாக பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். சிண்டுவுக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று, இரட்டைச் சகோதரிகள் காலத்து ஏதோ ஒன்று, சோம்பல் முறித்து எழுந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். ஒரு செய்தி ஊர் சுற்ற வேண்டுமானால் அந்த வார்த்தையில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை செயலாளர் மேடம் நேரா நடுவுலதான் பார்ப்பாங்களாம். மாத்திரை ஏன் போய்ச் சேரலன்னு, நடுவுல யாரு இருக்காங்களோ அவங்கதான் பதில் சொல்லணுமாம்."

பிஸ்கட் டீக்குள் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

செயலாளர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லக்கூடியவர்தான் என்று சிண்டு தன் மனசாட்சிக்குப் பதில் சொல்லிக்கொண்டாள். மனசாட்சி ரொம்பக் குடையவில்லை.

வியாழன் காலை அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரின் நடுப்பகுதி வழித்துவிட்ட தட்டு மாதிரி வெறிச்சென்று கிடந்தது. வெறும் குண்டூசித் துளைகள். எத்தனை வட்டம் எத்தனை தடவை அங்கே உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறது என்று அவையே சொல்லும். வட்டங்கள் எல்லாம் நாலு ஓரத்துக்கும் ஓடிப்போயிருந்தன. 'மொத்தக் கொள்முதல்' இடது ஓரத்தில் மின்விசிறி சுவிட்சுகளுக்குக் கீழே பம்மியிருந்தது. இரண்டு மடங்கு வளர்ந்திருந்த 'ஊழியர் நியமனம்' ஒரே இரவில் பழைய அளவுக்குச் சுருங்கி, மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. 'புள்ளிவிவரம்' பலகையையே விட்டு வெளியேறி, பக்கத்துச் சுவரில் தீயணைப்புக் கருவிக்கு அருகே நின்றது. பொன்னிற விளிம்பைக் காணோம்.

'ஒதுக்கீட்டு விதி' மட்டும் கீழ்ப் பக்கத்தில், பலகையின் மூலை வரை தொங்கிய ஜன்னல் திரைக்குப் பாதி வெளியே, பாதி உள்ளே. அதை முழுக்க உள்ளே தள்ளும் முயற்சியில், குனிந்த முதுகோடு, வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு அத்தான் மண்டியிட்டிருந்தார்.

அவள் கதவைச் சாத்தினாள். அவர் திரும்பிப் பார்த்தார். வாயில் ஊசி இருந்ததால் உடனே எதுவும் பேச முடியவில்லை.

"அத்தான், முதல்ல ஊசியை எடுங்க. முழுங்கிட்டீங்கன்னா அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அவர் எடுத்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். திரை காற்றில் படபடத்தது, வட்டம் விழாமல் இருக்கட்டும் என்று ஆரம்பித்தவர், ஜன்னல் மூடியிருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வருடம் முழுக்க மற்ற பிரிவுகள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் புலம்பும் மனிதர். காதுமடல் வரை சிவந்துபோயிற்று.

சிண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. செயலாளர் எதுவும் சொல்லவில்லை, நான் கட்டிவிட்ட கதை என்று உண்மையைப் போட்டு உடைத்தாள். அவர் கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். வாயைத் திறந்தவர் திறந்தபடி, அவள் தோளுக்கு மேலாகச் சுவரையே பார்த்தார்.

"அது என்ன வளையம்?" என்றார்.

அவளும் திரும்பினாள். அதுவரை அவள் வட்டங்களைத்தான் பார்த்திருந்தாள், நூலைப் பார்க்கவில்லை. ஆளாளுக்கு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியதில், ஒரு வாரமாகச் சிக்கிக் கிடந்த நூல்கள் எல்லாம் பிரிந்து, விறைத்து, காலி நடுவைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக நின்றன. அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பிரித்திருந்தாலும் இவ்வளவு துப்புரவாக வந்திருக்காது.

அத்தான் அருகே போய் விரலை வைத்தார். சுகாதார நிலையத்தில் மாத்திரை குறைந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் கூடுகிறார்கள், நீல நூல். ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடினால், சுகாதார நிலையத்துச் செவிலியரை அங்கே அனுப்புவது கூடுகிறது, சிவப்பு. செவிலியர் போய்விட்டால் நிலையம் திறந்திருக்கும் நேரம் குறைகிறது, மதியத்தோடு பூட்டு. நேரம் குறைந்தால் அங்கே பதிவாகும் நோயாளிகள் குறைகிறார்கள், அங்கே கொடுத்த மாத்திரைகளின் கணக்கும் குறைகிறது. கணக்கு குறைந்தால்...

விரல் ஜன்னல் திரைக்கு வந்து நின்றது. அவர் திரையை விலக்கினார். கணக்கு குறைந்தால், ஒதுக்கீட்டு விதிப்படி அடுத்த காலாண்டுக்கு மருந்து குறைகிறது. கொள்முதல் பிரிவு குறைத்து அனுப்புகிறது. அலமாரி இன்னும் காலியாகிறது. மறுபடியும் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர் இன்னொரு தடவை முதலிலிருந்து தடவிப் பார்த்தார், எங்காவது அறுந்திருக்குமா என்று. அறுந்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வீணாகக் கூடாதுன்னுதான் எழுதினேன்" என்றார் மெதுவாக.

"தெரியும் அத்தான்."

அவர் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு போனார். அன்று வீட்டில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அவர் வரவில்லை. அக்கா மட்டும் ஏறி வந்து, அவர் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரே, என்ன பண்ணித் தொலைத்தாய் என்று கேட்டாள். சிண்டு நடந்ததைச் சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் மண்டியிட்டதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று வருந்தினாள். கடைசியில், படியிறங்கும்போது, நாளைக்கு அவரை மாட்டிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை செயலாளர் வந்தார். மெலிந்த பெண்மணி, கண்ணாடியைக் கழற்றினால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். சுவரை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தார். நால்வரும் மேஜைக்கு அந்தப் பக்கம், அவரவர் வட்டத்தை மறைத்துக்கொண்டு நிற்க இடம் தேடினார்கள். புள்ளிவிவர அதிகாரி தீயணைப்புக் கருவியை ஏதோ அப்போதுதான் முதன்முறை பார்ப்பவர்போலப் படித்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல ஏன் யாருமே இல்ல?" என்றார் செயலாளர்.

கொள்முதல் அதிகாரி மன்னிக்கவும் என்று ஆரம்பித்து, பார்க்கிறவர்களின் வசதிக்காக இடம் விடப்பட்டிருக்கிறது என்றார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

சிண்டு ஓரடி முன்னே வந்தாள். அத்தானை மாட்டிவிட முடியாது. மற்றவர்களை மட்டும் மாட்டிவிடுவதும் நியாயமில்லை. மிச்சம் இருந்தது அவள்தான்.

"நான்தான் காரணம், மேடம். நடுவுல இருக்கிறவங்ககிட்ட நீங்க பதில் கேப்பீங்கன்னு ஒரு கதை கட்டிவிட்டேன். எல்லாரும் ஓரத்துக்குப் போயிட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

"இல்ல, மேடம்."

"சொல்லியிருக்கணும்." செயலாளர் ஒரு நாற்காலியை இழுத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "சரி, இப்ப கேக்கறேன். யாரு பதில் சொல்றீங்க?"

பணியாளர் பிரிவுத் தலைவி சிண்டுவைப் பார்த்த பார்வையில் பச்சைப் புல் பற்றியிருக்கும். சிண்டு அத்தானைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். வளையத்தைப் பற்றி அவளே விளக்கிவிடலாம். அது அவள் வேலை. ஆனால் அவள் வாயால் வந்தால் அது இன்னொரு அறிக்கையாகி அலமாரிக்குள் போகும் என்றும் தோன்றியது.

அப்போது ஜன்னல் பக்கம் திரை விலகும் சத்தம் கேட்டது. அத்தான் தன் வட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து, நூல் விறைக்க விறைக்க, சுவரின் நடுவில் குத்தினார். அவசரத்தில் முதல் ஊசி வளைந்துவிட்டது. இரண்டாவது ஊசி பிடித்துக்கொண்டது.

"இது என்னோடது, மேடம். நான்தான் எழுதினேன். மருந்து கொடுக்காத இடத்துக்கு மருந்து வேண்டாம்னு எழுதிட்டேன். அவங்க ஏன் கொடுக்கலன்னு கேக்கல."

பிறகு அவர் விரலை வைத்து வளையம் முழுவதையும் காட்டினார். சாப்பாட்டு மேஜையில் பேசுகிற மாதிரி இல்லை. நிறுத்தி, அளந்து, தன் விதியை ஒவ்வொரு சுற்றிலும் பெயர் சொல்லி அழைத்து. சிண்டு அவர் இப்படிப் பேசிக் கேட்டதே இல்லை.

அவர் முடித்ததும் ஒரு அதிசயம் நடந்தது. பணியாளர் பிரிவுத் தலைவி, அப்படிப் பார்த்தால் செவிலியரை இழுத்தது நான்தான், அதில்லாமல் நிலையம் பூட்டியிருக்காது என்று சத்தமாகச் சொல்லி, தன் வட்டத்தைப் பிடுங்கி நடுவில் குத்தினார். கொள்முதல் அதிகாரி, மன்னிக்க வேண்டும், கிடங்கு நிறைந்து வழிவது தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் குறைத்து அனுப்பியது என் கை, ஆகவே பெரிய தவறு என்னுடையது என்றார். புள்ளிவிவர அதிகாரி தீயணைப்புக் கருவியை விட்டுவிட்டு ஓடி வந்து, எண்கள் விழுவதை முதலில் பார்த்தவன் நான், நூற்றுக்கு அறுபது பங்கு பொறுப்பு எனக்குத்தான் என்று வாதாடினார். அறுபது எப்படி என்று தலைவி சண்டைக்குப் போனார். ஐந்தே நிமிடத்தில் நடுவில் முழங்கைக்கு இடமில்லை. நூல் எல்லாம் மறுபடி சிக்கிவிட்டது.

செயலாளர் சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைத் துடைக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் நடுவுக்கு வந்துட்டா மறுபடியும் எதுவும் தெரியாது. நான் வந்தப்ப எங்க இருந்தீங்களோ அங்க போங்க" என்றார். போனார்கள். வளையம் திரும்ப விரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் இரண்டு முடிவுகளைச் சொன்னார். ஒரு சில மாவட்டங்களில் மட்டும், போன காலாண்டில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்க்காமல், அந்தப் பகுதியில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்று பார்த்து மருந்து ஒதுக்கிப் பார்ப்பது. அந்த மாவட்டங்களில் ஒற்றைச் செவிலியர் உள்ள நிலையத்திலிருந்து யாரையும் ஆஸ்பத்திரிக்கு இழுக்காமல் இருப்பது. பொறுப்பு, முதல் ஊசியை வளைத்தவருக்கு.

சிண்டுவுக்கும் கிடைக்க வேண்டியது கிடைத்தது. அதிகாரிகளைத் தவறான தகவலால் திசைதிருப்பியதாகப் பணியாளர் பிரிவுத் தலைவி புகார் எழுதினார். நிறுவனத் தலைவர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, மதிப்பீட்டாளர் என்பவள் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், காற்று மாதிரி நுழைந்து ஊதக்கூடாது என்று ஒரு பாட்டம் பேசினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று மனப்பூர்வமாகச் சொன்னாள். அறிக்கையில் நடந்ததை எப்படி எழுதியிருக்கிறாய் என்று அவர் கேட்டார். பங்கேற்பாளர்கள் வட்டங்களைத் தாமாகவே மறுசீரமைத்தனர் என்று எழுதியதைக் காட்டினாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, அடுத்த மாதம் போக்குவரத்துத் துறைக்கும் ஒரு சுவர் போட வேண்டியிருக்கிறது, அங்கேயும் அவர்கள் தாமாகவே மறுசீரமைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி விசாரித்தார்.

அத்தான் அவளோடு பல நாள் பேசவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால், உன் தங்கையிடம் கேள் என்று அக்காவிடம் சொல்வார். அக்கா இரண்டு பக்கமும் செய்தி சுமந்து அலுத்துப்போய், நான் என்ன தபால்காரியா, படி இருக்கிறது, கால் இருக்கிறது, ஏறிப்போய்க் கேளுங்கள் என்று ஒருநாள் விரட்டிவிட்டாள். அவர் ஏறி வந்தார். தொட்டியை உண்மையாகவே எட்டிப் பார்த்தார். வாசலில் நின்று, புது முறை ஆரம்பித்த மாவட்டத்துக்கு நாளை போகிறேன், வருகிறாயா என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

அவர்கள் போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. சுகாதார நிலையத்தின் கதவு திறந்திருந்தது. பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் வயதானவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் மாத்திரை அட்டையின் காலி உறையோடு உட்கார்ந்திருந்தார்கள். செவிலியர் ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மதியத்துக்கு மேலும் திறந்து வைத்திருப்பதற்குப் பாராட்டுச் சொல்ல ஆரம்பித்தார். செவிலியர் காதிலிருந்த குழாயை எடுக்காமலேயே, வரிசை இருக்கிறது, உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார்.

அமைச்சகத்தின் திட்டப் பிரிவு இயக்குநர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெரியவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்து, உங்களுக்குச் சர்க்கரையா, அழுத்தமா என்று அக்கறையாக விசாரித்தார். இன்னும் இல்லை என்றார் அத்தான்.

முறை வந்தபோது செவிலியர் அவரை உள்ளே கூப்பிட்டு, பாராட்டையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அலமாரியைத் திறந்து காட்டினார். மாத்திரைப் பெட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடம் போதாமல் மீதியை எடைபார்க்கும் கருவியின் மேலும், தன் சாப்பாட்டுப் பை வைக்கும் பலகையிலும் அடுக்கியிருந்தார். நாற்காலியில்கூட ஒரு பெட்டி.

"மருந்து அனுப்பிட்டீங்க, சரி. இதை எங்க வைக்கறதுன்னு யாராவது யோசிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சிண்டு அத்தானின் முகத்தைப் பார்த்தாள். கோபிப்பார் என்று நினைத்தாள். அவர் முகம் மலர்ந்திருந்தது. மருந்து இல்லை என்ற புகாரை நாலு வருடம் கேட்டவருக்கு, மருந்து அதிகம் என்ற புகார் காதில் தேனாகத்தான் விழும். நாற்காலியிலிருந்த பெட்டியைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கையால் போனை எடுத்து, அலமாரி ஒன்று கேட்கக் கொள்முதல் அதிகாரியின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் வெளியே பெஞ்சில் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.